செம்பனின் இடது கான்டர்: 16 மாத நிகழ்வு ஆய்வு

எங்கள் மூன்றாவது டிரெஸ்ஸாஜ் (குதிரைச் சவாரிப்) போட்டியின் மதிப்பெண் தாளை, லாயத்துக்குத் திரும்பி என் குதிரை செம்பனுக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். இடது பக்கக் கான்டர் (தாவோட்டம்) தொடக்கத்துக்குப் பத்துக்கு 3. பக்கத்துக் கட்டத்தில், நடுவர் சொல்லச் சொல்ல எழுத்தர் அவசரமாக எழுதியது: "தவறான கால், வாய் திறந்தது, பதற்றம்." கடிவாள வாரை நீள விட்டு நடக்கும் பகுதிக்கு 4. மொத்தம் 55.9 சதவீதம். ஆறு மாதத்துக்கு முன்னால் முதல் போட்டியில் 60.2 வாங்கியவர்கள் நாங்கள். இடையில் வாரத்துக்கு ஐந்து நாள் உழைத்திருந்தோம். உழைத்து உழைத்துக் கீழே போயிருந்தோம்.

அந்த 3 எப்படி வந்தது, அப்புறம் அது எப்படி 7 ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. அதில் என் பங்கை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. இருந்தாலும் முழுக்க எழுதுகிறேன். இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதே தவறைச் செய்யப்போகிற சவாரிக்காரர் யாராவது இருப்பார். அவருடைய குதிரைக்காக எழுதுகிறேன்.

டிரெஸ்ஸாஜ் பற்றிச் சுருக்கமாக: 20க்கு 40 மீட்டர் திடல், மேல்நிலைகளுக்கு 20க்கு 60. ஓரங்களில் எழுத்துப் பலகைகள் நிற்கும். எந்த எழுத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வரிசைப்படி சவாரி செய்ய வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை எண்ணும் உண்டு. 6 என்றால் திருப்தி, 7 என்றால் ஓரளவு நன்று, 5க்குக் கீழே போனால் போதாது என்று பொருள். சில அசைவுகளுக்கு மதிப்பெண் இரட்டிப்பாகும். எங்களைப் போன்ற தொடக்க நிலைக்காரர்களுக்கு வித்தை எதுவும் கிடையாது. நடை, ட்ராட் (துள்ளோட்டம்), கான்டர், 20 மீட்டர் வட்டம், நேராக வந்து அசையாமல் நிற்பது, அவ்வளவுதான். நடைக்கு நாலு தட்டு, ட்ராட்டுக்கு ரெண்டு, கான்டருக்கு மூன்று. அந்தத் தாளம் கெடாமல், குதிரை இறுக்கம் இல்லாமல், சவாரிக்காரரின் கையை நம்பிப் போகிறதா என்றுதான் நடுவர் பார்க்கிறார்.

கான்டரில் எப்போதும் ஒரு முன்னங்கால் மற்றதைவிட முன்னே விழும். இடப்பக்கம் சுற்றும்போது இடது கால் முன்னே வர வேண்டும். அதற்குக் குதிரை முதலில் வலது பின்னங்காலை ஊன்றி எழும்பும். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து விழும். கடைசியாக இடது முன்னங்கால். பிறகு நாலு காலும் ஒரு கணம் காற்றில் இருக்கும். செம்பன் இடப்பக்கம் சுற்றும்போதும் வலது காலையே முன்னே போட்டான். வட்டத்தில் அப்படி ஓடும் குதிரைக்குச் சமநிலை போய்விடும், வளைவில் சாயும், வேகம் கூட்டும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும்.

குதிரையும் காரணமும்

செம்பன் 9 வயது, செந்நிறம், காயடித்த ஆண்குதிரை. முன்பு பந்தயத்தில் ஓடியவன். என்னிடம் வரும்போது உடம்பில் குறை ஒன்றும் தென்படவில்லை. நல்ல ட்ராட். மனிதர்களோடு சாது. நான் வேலைக்குப் போய்க்கொண்டு அதிகாலையில் சவாரி செய்பவர். பதின்ம வயதில் கற்றதை இருபது வருடம் கழித்து மறுபடி எடுத்தவர்.

இடது கான்டர் வராததற்கு லாயத்தில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: அவன் வலப்பக்கமாகவே பந்தயத்தில் ஓடிப் பழகியவன். கேட்டதும் நியாயமாகத் தோன்றியது. நானும் யாரிடமும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பந்தயக் குதிரைகள் நேர் ஓட்டத்தில் களைத்த காலை மாற்றி அடுத்த காலை முன்னே போட்டு ஓடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு காலில் மட்டும் ஓடத் தெரிந்த குதிரை பந்தயத்தில் நிற்காது. ஆனாலும் அந்தக் காரணம் எனக்கு வசதியாக இருந்தது. பழி அவனுடைய பழைய வாழ்க்கைமேல் விழுந்துவிட்டது அல்லவா.

காரணம் அதுதான் என்று முடிவு செய்துவிட்டால் வைத்தியமும் அதைத் தொட்டே வரும். திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். ஒரே காலையில் இடது கான்டரை இருபது முறை கேட்ட நாளும் உண்டு. தவறான காலில் எழும்பினால் உடனே நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டேன். இரண்டாவது போட்டி 59.6. தலையைத் தூக்குகிறான், வாயைத் திறக்கிறான் என்று தாளில் வந்தது. அனுபவம் உள்ள ஒருவர் மெல்லிய பிட்டை (குதிரையின் வாய்க்குள் போகும் கடிவாளக் கம்பியை) மாட்டி, மூக்குப்பட்டையை ரெண்டு துளை இறுக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். வாய் திறப்பது நின்றது. அதை முன்னேற்றம் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை இப்போது படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

மெல்லிய பிட் என்றால் அழுத்தம் சின்ன இடத்தில் குவியும். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே ரெண்டு விரல் போக வேண்டும் என்பது ஏட்டில் எழுதி வைத்த விதி மட்டுமல்ல. அது இல்லையென்றால் குதிரைக்கு நாக்கை நகர்த்தவும், மெல்லவும், எச்சில் விழுங்கவும் இடம் இருக்காது. கன்னத்தின் உள்பக்கம் கடைவாய்ப் பற்களோடு ஒட்டிக்கொண்டு உரசும். செம்பன் வாயை மூடிக்கொண்டான். வேறு வழி அவனுக்கு விட்டு வைக்கப்படவில்லை. எட்டாவது மாதத்தில் அந்த 3 வந்தது.

எழுத்தர் நாற்காலி

அதற்கடுத்த மாதம் நான் போட்டியில் இறங்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்று நடுவர் பக்கத்தில் எழுத்தராக உட்காரக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் முழுக்க, C எழுத்துக்குப் பின்னால், சின்னக் கூண்டுக்குள். நடுவர் எண்ணையும் குறிப்பையும் சொல்வார், நாம் எழுத வேண்டும். தலை நிமிர நேரம் கிடைப்பதே அரிது. இருந்தும் மாலைக்குள் காதுக்கு ஒன்று பிடிபட்டது.

ஃப்ரீ வாக் என்று ஒரு பகுதி. சவாரிக்காரர் வாரை நீளமாக விடுவார். குதிரை கழுத்தை முன்னும் கீழும் நீட்டி, முதுகைத் தளர்த்தி, எட்டிப் போட்டு நடக்க வேண்டும். பல தொடக்க நிலைத் தேர்வுகளில் இதற்கு இரட்டிப்பு மதிப்பெண். பார்வையாளர்கள் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். நானும் இதைச் சும்மா ஓய்வு எடுக்கும் இடமாகத்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு 20க்கும் மேற்பட்ட குதிரைகளுக்கு எழுதினேன். ஃப்ரீ வாக்கில் 5க்குக் கீழே வாங்கிய குதிரைகள் கான்டரிலும் பெரும்பாலும் பதற்றம் என்றே குறிப்பு வாங்கின. சில குதிரைகளுக்கு வார் கிடைத்தும் கழுத்து நீளவில்லை. வார் தளர்ந்து தொங்கியது, கழுத்து குறுகியபடியே இருந்தது. இடைவேளையில் இதை நடுவரிடம் கேட்டேன். அந்தக் கை எப்போது திரும்பி இழுக்கும் என்று தெரியாத குதிரை, கொடுத்ததையும் எடுத்துக்கொள்ளாது என்ற பொருளில் சொன்னார். அவர் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ என் தாளைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. மூன்று போட்டியிலும் எங்கள் ஃப்ரீ வாக் 5, 5, 4. கான்டர் வராத குதிரைக்கு நடையில் எதற்கு 4?

எல்லாத் தொடக்கக்காரர்களும் ஒரு நாளாவது எழுத்தராக உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்துப் பாடம் கற்றுத்தராத ஒன்றை அந்த நாற்காலி கற்றுத்தரும்.

பத்துக்கு எத்தனை

இந்த இடத்தில் என் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரை நான் மாதம் ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். மீதி நாள் தனியாக. எழுத்தராக இருந்துவிட்டு வந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "மேல நீங்க இல்லாதப்ப அவன் இடது கான்டர் போடுவானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அடுத்த நாலு நாள் எண்ணிப் பார்த்தோம். முதல் நாள் சேணம் இல்லாமல், நீண்ட கயிற்றில் இடப்பக்கம் வட்டமாக ஓடவிட்டு, பத்து முறை கான்டர் கேட்டோம். 9 முறை சரியான காலில் எழும்பினான். இரண்டாம் நாள் சேணம் மாட்டி, ஆள் இல்லாமல்: 7. மூன்றாம் நாள் பயிற்சியாளர் ஏறினார்: 6. நாலாம் நாள் நான் ஏறினேன்: 3.

பத்து முறை என்பது சின்ன எண்ணிக்கைதான். நாளுக்கு நாள் குதிரையின் மனநிலை மாறும், திடல் மாறும். ஆனாலும் அந்த 9க்கும் 3க்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. அவனுக்கு இடது கான்டர் தெரியும், அதில் சந்தேகமில்லை. சேணம் ஏறியதும் கொஞ்சம் குறைகிறது. ஆள் ஏறியதும் இன்னும் கொஞ்சம். நான் ஏறியதும் மிச்சமும் போகிறது. பந்தயப் பழக்கம் என்ற காரணம் அந்த வாரத்தோடு முடிந்தது.

வாய், முதுகு

முதலில் கால்நடை மருத்துவர் வந்தார். கடினமான தரையிலும் மணலிலும் இருபக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார், மூட்டுகளை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார். நொண்டல் இல்லை. சேணம் உட்காரும் இடத்தில், பிடரி மேட்டுக்குப் பின்னால் வலப்பக்கம், தொட்டதும் தோல் சிலிர்த்து முதுகைத் தாழ்த்தினான். வாயைத் திறந்து பார்த்தபோது மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஆறியும் ஆறாத புண் இரண்டு.

குதிரைப் பல் வாழ்நாள் முழுக்க மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் அரைப்பதில் தேயும், ஆனால் மேல்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் தேயாமல் கூராகும். அதனால்தான் அவ்வப்போது ராவிவிட வேண்டும். அதை நான் தள்ளிப் போட்டிருந்தேன். கூரான அந்த விளிம்பின்மேல்தான், இறுக்கிய மூக்குப்பட்டையால் அவன் கன்னத்தை நானே வைத்து அழுத்தியிருக்கிறேன். பல் ராவி, புண் ஆற மூன்று வாரம் பிட் இல்லாமல் விட்டோம். பழைய தடித்த பிட் திரும்பி வந்தது. மூக்குப்பட்டை ரெண்டு விரல் இடத்துக்குத் திரும்பியது.

அடுத்து சேணம். சேணம் பார்ப்பவர் வந்ததும் அதைக் கையில் எடுக்கவில்லை. செம்பனை ஓட்டச் சொல்லி, இறங்கச் சொல்லி, வியர்வையைப் பார்த்தார். முதுகு முழுக்க ஈரம், பிடரி மேட்டுக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதிகம் அழுத்தும் இடத்தில் வியர்வை வராது என்றார். மருத்துவர் தொட்டபோது சிலிர்த்த அதே இடம்.

பிறகு என்னை ஏறச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார்கள். சேணம் நடுமுதுகில் இல்லை. வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே உடம்பு தசைத் தொட்டிலில் தொங்குகிறது. தோள்பட்டை ஒவ்வோர் எட்டுக்கும் பின்னால் சறுக்கி வரும். செம்பனுக்கு இடது தோள் வலதைவிடப் பெரிது. அது ஒவ்வோர் எட்டிலும் சேணத்தை வலப்பக்கம் தள்ளியது. வந்த புதிதில் பொருந்திய சேணம்தான், ஆனால் எட்டு மாதத்தில் அவன் முதுகு மாறிவிட்டிருந்தது. உள்ளே அடைத்த கம்பளியைப் பிரித்து மறுபடி அடைத்தார், இடது தோளுக்கு இடம் விட்டார்.

சேணம் ஒருபக்கமே ஒதுங்கினால் பின்னங்கால் நொண்டல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேணம் சறுக்குவதற்கும் பின்னங்கால் நொண்டலுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்களுக்கு மருத்துவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். வரிசை முக்கியம்: முதலில் உடம்பு, அப்புறம் சேணமும் பிட்டும், அப்புறம் சவாரிக்காரர், கடைசியில்தான் குதிரையின் பயிற்சி. நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து எட்டு மாதம் அவனை வருத்தியிருந்தேன்.

இங்கே சூ டைசன் என்ற குதிரை மருத்துவ ஆய்வாளரின் பட்டியலைச் சொல்ல வேண்டும். சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை அவர் குழு தொகுத்தது. காதை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடக்கி வைப்பது, வாயைத் திறந்து பல்லைப் பிரித்தே வைத்திருப்பது, வாலைச் சுழற்றுவது, தவறான காலில் கான்டர், சேணம் ஒருபக்கம் ஒதுங்குவது என்று போகும். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. அது நோயைக் கண்டுபிடித்துச் சொல்லாது. மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்லும். மூன்றாவது போட்டியின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எனக்கு 10 கிடைத்தது. போட்டி முடிந்த அன்று இதே காணொளியைப் பார்த்து 'பிடிவாதம்' என்று எழுதியிருந்தேன்.

இடது கை

வாயும் முதுகும் சரியாகி நான் மறுபடி ஏறியபோது பத்துக்கு 5 வந்தது. பயிற்சியாளர் ஏறினால் 9. மீதி என்னிடம் இருந்தது.

ஒரு நாள் அவர் சேணத்தை ஒரு தாங்கியின் மேல் வைத்து என்னை ஏறி உட்காரச் சொன்னார். வாரின் பிட் பக்கத்து முனைகளைத் தானே பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். "கண்ணை மூடுங்க. நான்தான் குதிரை. இப்ப நடக்கிறேன்." நடையில் குதிரையின் தலை ஒவ்வோர் எட்டுக்கும் முன்னே போய்ப் பின்னே வரும். ட்ராட்டில் அப்படி அசையாது, கான்டரில் மறுபடி அசையும். கை அதோடு போய் வர வேண்டும். அவர் கையால் அந்த அசைவைச் செய்தார். ஒரு நிமிடம் கழித்து, "வலது கை என்கூட வருது. இடது கை பாதி வழியில கதவைச் சாத்திடுது" என்றார்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கையும் ஒன்றாகத்தான் போகிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.

"சரி, இப்ப இடது கான்டர் கேளுங்க." வலது காலைப் பின்னே வைத்தேன். "கால் வர்றதுக்கு முன்னாடியே இடது கை ரெண்டு விரல்கடை பின்னால வந்தாச்சு. திரும்பப் பண்ணுங்க." மறுபடி செய்தேன். அதேதான். கண்ணைத் திறந்து பார்த்துச் செய்தேன். அப்போதும் வந்தது. என் கையை நானே பார்த்துக்கொண்டிருக்க, அது என்னைக் கேட்காமல் நகர்ந்தது.

இடது கான்டருக்கு இடது தோள் முன்னே திறக்க வேண்டும், இடது பின்னங்கால் உள்ளே வந்து பாரம் ஏற்க வேண்டும். சரியாக அந்த நொடியில் இடது வார் பின்னால் வந்தால் அந்தப் பக்கம் அடைபடுகிறது. திறந்திருக்கும் பக்கம் வலதுதான். செம்பன் திறந்த பக்கம் போனான். காலுக்கும் கைக்கும் நடுவே முரண்பட்ட இரண்டு கட்டளை வந்தால், சத்தமாகக் கேட்கிற கட்டளைக்குத்தான் குதிரை கீழ்ப்படியும். எட்டு மாதமாக அவன் கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். அதற்குத்தான் நான் அவனை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டேன்.

கை ஏன் அப்படி என்று தேடியபோது அது என் கணுக்காலில் போய் நின்றது. பல வருடத்துக்கு முன்னால் இடது கணுக்கால் பிசகியது, ஆறிவிட்டது என்று மறந்தேபோனேன். பயிற்சியாளர் யோசனைப்படி இரண்டு எடை இயந்திரம் வைத்து ஒரு காலுக்கு ஒன்றாக ஏறி நின்றேன். நேரே பார்த்துச் சாதாரணமாக நிற்கும்போது வலது 38 கிலோ, இடது 30. மேல்சட்டையின் முதுகில் நடுக்கோட்டில் வெள்ளை நாடா ஒட்டிப் பின்னாலிருந்து படம் எடுத்தோம். இடது அங்கவடியில் நான் எடை வைக்கவே இல்லை. இடது இடுப்பு மடங்கி, இருக்கை வலப்பக்கம் சரிந்து, சமநிலைக்கு இடது கை வாரைப் பிடித்துத் தொங்கியது. சேணத்தை வலப்பக்கம் தள்ளியதில் செம்பனின் தோளுக்கு மட்டுமல்ல, எனக்கும் பங்கு இருந்தது.

கணுக்கால் பலவீனம் சவாரிக்குத் தடை என்று சொல்ல வரவில்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த கால்களோடு 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் தனிநபர் டிரெஸ்ஸாஜில் வெள்ளி வென்றார். ராணுவ அதிகாரி அல்லாதவர்களும் பெண்களும் அந்தப் போட்டியில் அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. 1956இலும் வெள்ளி. குதிரை ஏற இறங்க அவருக்கு ஆள் துணை வேண்டும், ஆனால் ஏறி உட்கார்ந்தால் இருக்கை நடுவில் இருந்தது. என் கால் நன்றாகவே இருந்தது, இருக்கைதான் நடுவில் இல்லை.

இயன்முறை மருத்துவர் கொடுத்தது எளிய பயிற்சிகள். இடது காலில் மட்டும் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, விலாவை நீட்டுவது. தினமும் இரு வேளை. நாலு மாதத்தில் எடை இயந்திரம் 35, 33 என்று காட்டியது.

மறுபடி நடையிலிருந்து

ஐந்து வாரம் சவாரியில் கான்டரையே கேட்கவில்லை. முதல் வேலை ஃப்ரீ வாக். தினமும் பத்து நிமிடம் அதற்கே ஒதுக்கினேன். செம்பனின் கழுத்தில் ஒரு தோல் பட்டை கட்டி, இடது ஆள்காட்டி விரலை அதில் மாட்டிக்கொண்டேன். கை பின்னால் வர நினைத்தால் பட்டை விரலில் இழுத்துச் சொல்லிவிடும். முதல் வாரம் அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

குதிரைக்கு எது பாடம் என்றால் அழுத்தம் விலகும் நொடிதான். கால் கேட்கிறது, குதிரை பதில் சொல்கிறது, கால் உடனே ஓய்கிறது. அந்த ஓய்வுதான் அவனுக்குச் 'சரி' என்று கேட்கும். அது ரெண்டு விநாடி தாமதித்தால் வேறு எதற்கோ பரிசு போய்ச் சேரும். என் இடது கை ஓய்ந்ததே இல்லை என்பதால் இடப்பக்கத்தில் அவனுக்கு ஒரு முறைகூடச் 'சரி' கிடைத்திருக்காது.

மூன்றாம் வாரம் ஒரு காலை, வாரை நீள விட்டபோது அவன் கழுத்து இறங்கியது. முதலில் காதுகள் கீழே போயின. அப்புறம் பிடரி முழுக்க என் பார்வையிலிருந்து விலகிச் சரிந்தது. வார் என் விரல்களுக்குள் நழுவி நழுவிப் போனது, அவன் கேட்டுக் கேட்டு வாங்குவது மாதிரி. மூக்கால் நீளமாகப் புர்ரென்று ஊதினான். சேணத்துக்குக் கீழே முதுகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அதுவரை அந்த ஆட்டத்தை நான் உணர்ந்ததே இல்லை. ஒரு சுற்று முழுக்க ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து வாரம் முடிந்ததும் கான்டருக்கு ஒரு பயிற்சி. 20 மீட்டர் வட்டத்தை ட்ராட்டில் 15 மீட்டர் வரை சுருக்கி, உள்காலால் குதிரையைப் பக்கவாட்டில் தள்ளி மறுபடி 20க்கு விரிப்பது. விரியும்போது உள் பின்னங்கால் தானாக உடம்புக்குக் கீழே வரும், வெளி வாரில் தோள் தாங்கும். வட்டம் 20ஐத் தொடும் நேரத்தில் கான்டர் கேட்க வேண்டும். முதல் நாள் மூன்று முறை மட்டும் கேட்டேன். மூன்றும் இடது கால். மூன்றோடு நிறுத்திவிட்டு இறங்கினேன். இன்னும் ஒன்று கேட்க ஆசையாகத்தான் இருந்தது. இருபது முறை கேட்ட காலை நினைவுக்கு வந்தது.

அப்புறம் வேலை ஒழுங்காகப் போனது. அதில் சொல்ல அதிகம் இல்லை. வாரத்தில் நாலு நாள் 40 நிமிடம், ஒரு நாள் வெளியே மேட்டிலும் பள்ளத்திலும் நடை, மாதம் மூன்று பாடம்.

பதினான்காம் மாதம் நாலாவது போட்டி: 62.8. இடது கான்டர் 6, ஃப்ரீ வாக் 6.5. அந்தக் காணொளியில் டைசன் பட்டியலை எண்ணியபோது 3.

எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பல், சேணம், கணுக்கால், கை எல்லாம் சில மாதங்களுக்குள் மாறின. செம்பனுக்கும் ஒரு வயது கூடி, உடம்பு தேறியிருந்தது. பாடங்களும் அதிகமாயின. பயிற்சியாளருக்குப் பழைய சேணத்தில் 6 வந்தது, புதிதாக அடைத்த பிறகு 9. என்னுடையது 3, பிறகு 5, மறுபயிற்சிக்குப் பின் 9. இதை வைத்து வாய்க்கும் முதுகுக்கும் ஒரு பங்கு, கைக்கு அதைவிடப் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது தாள்

பதினாறாம் மாதம். A வழியாக நுழைந்து நடுக்கோட்டில் வந்து திடலின் மையமான X-இல் நின்று வணக்கம். C-இல் இடப்பக்கம் திரும்பினோம். ட்ராட் வட்டம் வரை எனக்கு மூச்சே இல்லை. கான்டர் கேட்க வேண்டிய மூலைக்கு முன்னால் இடது ஆள்காட்டி விரலைத் தேடினேன், போட்டியில் அந்தப் பட்டை இல்லை. விரல் இருந்த இடத்தில் இருந்தது. இடது குதிகாலில் எடை வைத்தேன், வலது காலைப் பின்னே வைத்தேன். அவன் தோள் எழும்பியது. குனிந்து எந்தக் கால் என்று பார்க்கவில்லை. தொடைக்குக் கீழே தெரிந்தது.

தாளில் அந்த அசைவுக்கு 7. குறிப்பு எதுவும் இல்லை. ஃப்ரீ வாக்குக்கு 7.5, பக்கத்தில் "கையைத் தேடி நீள்கிறான்" என்று எழுதியிருந்தது. மொத்தம் 66.4.

அதே தாளில் இரண்டு நிறுத்தங்களுக்கும் 5.5. இரண்டிலும் ஒரே குறிப்பு: இடது பின்னங்கால் பின்னால் தங்குகிறது. வலது கான்டர் 6, இப்போது இடதைவிடக் குறைவு. நிறுத்தத்தைச் சதுரமாக்க, அதாவது நாலு காலையும் சமமாக ஊன்றி நிற்க வைக்க, என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இரண்டு மூன்று உடனே மனதில் வந்தன. திங்கட்கிழமை காலைக்குக் கால்நடை மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் அந்தக் காலைப் பார்த்த பிறகு சேணம், அப்புறம் நான். அதுவரை செம்பனுக்கு வாரை நீள விட்ட நடை மட்டும்.